கையால் சுற்றிய சுருட்டுகள்: நாடும் நாக்கும்

கைச்சுருட்டு என்பது பாடம் செய்த புகையிலையை இலையாகவே அடுக்கி, இயந்திரத்தின் உதவியின்றி விரல்களால் உருட்டிச் செய்யும் புகைப்பொருள். உலகச் சந்தையில் உயர்ந்த விலைக்குப் போகும் சுருட்டுகளில் பெரும்பகுதி கியூபா, டொமினிக்கன் குடியரசு, நிகராகுவா, ஹொண்டுராஸ் ஆகிய நான்கு நாடுகளிலிருந்து வருகிறது. பிரேசில், மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மியன்மார், இந்தியா, இலங்கை ஆகியவற்றுக்கும் தத்தம் சுருட்டு மரபு உண்டு. எந்த நாட்டுச் சுருட்டு உயர்ந்தது என்ற வழக்கு வெகுகாலமாகத் தீராமல் கிடக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் நாட்டின் பெயர், சுருட்டு எங்கே சுற்றப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே இருக்கும் இலை மூன்று நாட்டு மண்ணில் விளைந்ததாக இருக்கலாம். அதன் விதை நான்காவது நாட்டிலிருந்து போனதாக இருக்கலாம். புகைப்பவரின் வாய் எந்தச் சாப்பாட்டுக்குப் பழகியது என்பது தனிக் கணக்கு.

பெயர்

1492இல் கொலம்பஸ் கியூபாவில் கரையிறங்கியபோது, உள்நாட்டுக்குள் அனுப்பப்பட்ட அவருடைய ஆட்கள் ரோட்ரிகோ டி ஹெரெஸ், லூயிஸ் டி டொரெஸ் இருவரும், அத்தீவின் தைனோ மக்கள் இலையைச் சுருட்டிக் கொளுத்திப் புகைப்பதைக் கண்டனர். ஸ்பானிய மொழியின் 'சிகாரோ' என்ற சொல், புகைத்தலைக் குறிக்கும் மாயா மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகப் பலர் கருதுகின்றனர். ஆங்கிலத்துக்கு இன்னொரு சொல்லும் உண்டு: 'செரூட்'. அது தமிழின் 'சுருட்டு' என்பதே. ஐரோப்பிய வணிகர்களின் நாவில் ஏறி 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. இரு முனைகளும் திறந்திருக்க, தலைமுதல் அடிவரை ஏறத்தாழ ஒரே பருமனில் இருப்பது செரூட். ஒரு முனை இலைத்தொப்பியால் மூடியிருக்க, புகைக்குமுன் அதை வெட்ட வேண்டியிருப்பது சிகார். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இக்கட்டுரையும் அப்படியே வழங்குகிறது.

இலையும் பாடமும்

ஒரு சுருட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. நடுவில் இருப்பது உள்ளிலை. அதை அணைத்துப் பிடித்து உருவம் தருவது கட்டு இலை. வெளியே கண்ணுக்குத் தெரிவது மேலிலை. கட்டு இலைக்கு வலு இருந்தால் போதும், அழகு தேவையில்லை. மேலிலைக்கு ஓட்டையோ தடித்த நரம்போ இருக்கக் கூடாது. ஆகவே மூன்றிலும் விலை மிகுந்தது அதுதான்.

உள்ளிலையைக் கலப்பதில்தான் ஒவ்வொரு பட்டறையின் கைச்சரக்கும் அடங்கியிருக்கிறது. புகையிலைச் செடியின் அடி இலைகளைக் கியூபாவில் 'வொலாடோ' என்பர். மணம் குறைவு, நன்றாக எரியும். நடு இலை 'செக்கோ'. மணத்துக்கு அதுவே ஆதாரம். வெயிலை நேரே வாங்கும் உச்சி இலை 'லிகேரோ'. தடித்தது, எண்ணெய்ப் பசையுள்ளது, காரமானது, மெல்ல எரிவது. அதனால் சுற்றுபவர் லிகேரோவை எப்போதும் நட்ட நடுவில் வைப்பார். ஓரத்தில் வைத்தால் சுருட்டு ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாமல் நிற்கும். ஒரே வயலின் ஒரே செடியிலிருந்து மென்மையான சுருட்டும் செய்யலாம், தலைசுற்ற வைக்கும் சுருட்டும் செய்யலாம் என்பது இதிலிருந்து விளங்கும். 'அந்த நாட்டுச் சரக்கு காரம்' என்று சொல்லும்போது பெரும்பாலும் நாம் பேசுவது லிகேரோவின் அளவைப் பற்றித்தான்.

பறித்த இலை கொட்டகையில் கோல்களில் தொங்கி, பச்சை போய்ப் பழுப்பாகும்வரை காற்றில் உலரும். பிறகு அம்பாரமாக அடுக்குவார்கள். ஈரமும் பாரமும் சேர்ந்து அம்பாரத்தின் உள்ளே சூடு ஏறும். 40 பாகை செல்சியஸைத் தாண்டிச் செல்லும். சூடு அளவு மீறுமுன் பிரித்து, உள்ளிருந்ததை வெளியிலும் வெளியிலிருந்ததை உள்ளிலுமாக மாற்றி அடுக்க வேண்டும். இந்த நொதிப்பில்தான் அம்மோனியா வெளியேறுகிறது, கசப்பு தணிகிறது, நிறம் ஆழ்கிறது. பாடம் போதாத இலையில் சுற்றிய சுருட்டு மூக்கைக் குத்தும். தொண்டையில் கரகரப்பு நிற்கும். அந்தக் குற்றத்தைப் பலர் நாட்டின் மேல் போடுகிறார்கள். குற்றம் அவசரத்தினுடையது.

கியூபா

கியூபாவின் மேற்குக் கோடியில் பினார் டெல் ரியோ மாகாணத்தில் வுவெல்டா அபாஹோ என்ற பகுதி இருக்கிறது. சிவந்த மணற்பாங்கான மண். அதிலும் சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்டினெஸ் என்ற இரு ஊர்களைச் சுற்றிய வயல்கள் பெயர்பெற்றவை. உள்ளிலை, கட்டு இலை, மேலிலை மூன்றும் ஒரே நாட்டில் விளையும் சுருட்டை 'பூரோ' என்பர். கியூபாவின் சுருட்டுகள் எல்லாமே பூரோ. மற்ற நாடுகளில் அது பொது விதி அன்று. கியூபாச் சுருட்டை 'ஒரு நாட்டின் சுவை' என்று சொல்வதில் ஓரளவாவது பொருள் இருப்பது இதனால்தான்.

ஸ்பெயின் அரசு 1717இல் புகையிலை வணிகத்தைத் தன் தனியுரிமை ஆக்கியது. உழவர்கள் கலகம் செய்தனர். ஒரு நூற்றாண்டு கழித்து 1817இல் அது விலக்கப்பட்டது. அதன் பிறகே தனியார் பட்டறைகள் தழைத்தன. எச். உப்மான் (1844), பார்த்தாகாஸ் (1845), ரோமியோ இ ஹூலியெட்டா (1875), மோன்டேகிறிஸ்டோ (1935) ஆகிய பெயர்கள் அந்த நீண்ட காலத்தில் எழுந்தவை. கடைசி இரண்டும் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் பெயரும் டூமா நாவலின் பெயரும் என்பதைக் கவனித்தால், பட்டறைக்குள் நடந்த வேறொரு காரியம் தெரியவரும். 1865இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ பட்டறையில், சுற்றுபவர்களுக்கு ஒருவர் உரக்க வாசித்துக் காட்டும் வழக்கம் தொடங்கியது. வாசிப்பவருக்குக் கூலி கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். அரசுக்கு இது பிடிக்கவில்லை. மறு ஆண்டே தடை வந்தது. தடையைத் தாண்டி வழக்கம் நிலைத்துவிட்டது. புலம்பெயர்ந்த கியூபர்கள் அதை ஃபுளோரிடாவின் டாம்பாவுக்கும் கொண்டுசென்றனர். அங்கே 1931இல் முதலாளிகள் வாசகர்களை வெளியேற்றி, அந்த இடத்தில் வானொலியை வைத்தனர். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை படிக்க மற்றவர்கள் கேட்டபடியே சுற்றும் வழக்கம் இருந்தது. கை ஓயாமலும் காது சும்மாவும் இருக்கும் தொழிலில் இப்படி நடப்பதற்கு ஒரு நாட்டைப் பார்த்து மற்றொரு நாடு கற்க வேண்டியதில்லை போலும்.

1960 செப்டம்பரில் காஸ்ட்ரோ அரசு சுருட்டுத் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. 1962 பிப்ரவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி வணிகத் தடையில் கையெழுத்திட்டார். கையெழுத்துக்கு முந்திய மாலை தன் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரை அழைத்து 1,000 பெட்டிட் உப்மான் சுருட்டுகள் வாங்கிவரச் சொன்னதாகவும், தான் 1,200 வாங்கி வந்ததாகவும், எண்ணிக்கையைக் கேட்ட பிறகே கென்னடி கையெழுத்திட்டதாகவும் சாலிஞ்சர் பின்னாளில் எழுதினார். சுருட்டு உலகில் மிகுதியாகத் திருப்பிச் சொல்லப்படும் கதை இது. தடையால் அமெரிக்கர்களுக்குக் கியூபாச் சுருட்டு விலக்கப்பட்ட கனி ஆனது. அது அச்சுருட்டின் சுவையில் எத்தனை பங்கு என்பதை எந்த நாக்கும் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

புரட்சிக்குப் பிறகு கியூபா உருவாக்கிய புகழ்மிக்க பெயர் கோஹிபா. 1966இல் காஸ்ட்ரோவுக்கும் அரசு விருந்தினருக்கும் என்று தொடங்கி, 1982இல் விற்பனைக்கு வந்தது. அதன் உள்ளிலையில் செக்கோவும் லிகேரோவும் மூன்றாம் முறையும் நொதிக்கவிடப்படுகின்றன. 1994முதல் ஏற்றுமதி முழுவதும் ஹபானோஸ் நிறுவனத்தின் வழியாக நடக்கிறது.

கியூபாச் சுருட்டின் பொதுக் குணமாகச் சொல்லப்படுவது: நடுத்தரக் காரம், தேவதாரு மரப்பெட்டியைத் திறந்தாற்போன்ற வாசம், காப்பியின் கசப்பு, சில நேரம் தேன், கூடவே ஈரமண்ணின் நெடி. இளஞ்சரக்கில் இது தெளியாமல் இருக்கும். பெட்டியில் சில ஆண்டுகள் கிடந்த பிறகே வாசம் கூடும் என்பது பழகியவர்களின் துணிபு. சுற்றுவதில் சீர் தவறுவதும் அடிக்கடி கேட்கும் குறை. இறுக்கிச் சுற்றியதில் புகை வராது. பெரும்புகழுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சீரின்மையை விலைப்பட்டியல் ஒப்புக்கொள்வதில்லை.

சிதறிய விதை

நாட்டுடைமை ஆனபின் கியூபாவின் பட்டறைக் குடும்பங்கள் வெளியேறின. கூடவே விதையும் போயிற்று. பாடம் செய்யும் பக்குவமும் போயிற்று. இன்றைய கரீபியன், நடு அமெரிக்கச் சுருட்டுகளின் வரலாறு பெரும்பாலும் இந்தப் புலம்பெயர்வின் வரலாறு. பெயர்களும் இரட்டையாயின. மோன்டேகிறிஸ்டோ, பார்த்தாகாஸ், கோஹிபா என்ற பெயர்களில் கியூபாவிலும் ஒரு சுருட்டு, அமெரிக்கச் சந்தைக்காக டொமினிக்கன் குடியரசிலும் ஒரு சுருட்டு என்று இரண்டு விற்பனையாகின்றன. அமெரிக்காவில் கோஹிபா பெயரை 1981இல் ஒரு அமெரிக்க நிறுவனம் பதிந்துகொள்ள, அதன்மேல் நடந்த வழக்கு பல பத்தாண்டுகள் நீண்டது. ஒரே பெயர் என்பதால் ஒரே சுவை என்று நம்பி வாங்குபவர் ஏமாறுவார்.

டொமினிக்கன் குடியரசில் சாந்தியாகோ நகரைச் சுற்றிய சிபாவோ பள்ளத்தாக்குதான் மையம். அங்கே 'ஓலோர்' என்ற நாட்டு இலையும், கியூப விதையிலிருந்து வந்த 'பிலோட்டோ' இலையும் விளைகின்றன. அந்நாட்டுச் சுருட்டு என்றால் மென்மை, பாலேடு போன்ற வழவழப்பு, வறுத்த கொட்டையின் மணம் என்று பெயர். டேவிடாஃப் அந்தப் பெயரை உறுதிசெய்தது. ஜெனீவா வணிகர் சீனோ டேவிடாஃப் 1960களின் இறுதியிலிருந்து கியூபாவில் தன் பெயரில் சுருட்டுச் செய்வித்தவர். தரத்தைப் பற்றிய தகராறில் 1989இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுருட்டுகளைக் கொளுத்திவிட்டு, டொமினிக்கன் குடியரசுக்கு மாறினார். ஆனால் அதே நாட்டில்தான் ஃபுவென்தே குடும்பமும் சுற்றுகிறது. 1912இல் டாம்பாவில் தொடங்கி, நிகராகுவாவில் பட்டறையைத் தீக்குப் பறிகொடுத்து, 1980இல் சாந்தியாகோவில் குடியேறிய குடும்பம். டொமினிக்கன் மண்ணில் மேலிலை விளையாது என்று எல்லாரும் சொன்னபோது விளைவித்து, 1995இல் ஓபஸ் எக்ஸ் என்ற பெயரில் முழு டொமினிக்கன் பூரோவை வெளியிட்டது. அது மென்மைக்கு நேர் எதிர். மிளகுக் காரம் மூக்கில் ஏறும். 'டொமினிக்கன் என்றால் மென்மை' என்ற வாக்கியம் அன்றோடு பழசாகிவிட்டது.

நிகராகுவாவின் எஸ்தெலி, கொண்டேகா, ஹலாபா ஆகிய மூன்று பள்ளத்தாக்குகளின் இலைகளைத் தனித்தனியே புகைத்துப் பார்த்தால் ஒரே நாடு என்று நம்புவது கடினம். எஸ்தெலியின் கரிய, கனத்த மண் காரத்தைத் தருகிறது. ஹலாபாவின் சிவந்த மண்ணில் விளைந்தது இனிப்புச் சாயல் கொண்டது. எரிமலைகள் எழுந்த ஓமெதேப்பே தீவிலும் புகையிலை உண்டு. அந்நாட்டின் பெரும் பெயர் படிரோன். பினார் டெல் ரியோவில் பிறந்த ஹோசே ஓர்லாந்தோ படிரோன் 1964இல் மயாமியில் பட்டறை தொடங்கி, 1970இல் நிகராகுவாவுக்கு உற்பத்தியைக் கொண்டுசென்றார். 1978 கிளர்ச்சியில் பட்டறை எரிந்தது. 1985முதல் 1990வரை நிகராகுவாச் சரக்குக்கும் அமெரிக்கத் தடை இருந்தது. இவற்றையெல்லாம் தாண்டி, அமெரிக்காவுக்குள் வரும் உயர்தரக் கைச்சுருட்டுகளில் அண்மை ஆண்டுகளில் நிகராகுவாவே முன்னணியில் இருக்கிறது. மிளகு, கோகோ, கடுங்காப்பி இவற்றை விரும்பும் வாய்க்கு இக்கட்டுரையாளர் கியூபாவைவிட எஸ்தெலியையே சொல்வார்.

ஹொண்டுராஸின் ஹமஸ்திரான் பள்ளத்தாக்கு இலை உறுதியான காரமும் தோல் வாசமும் கொண்டது. தன்லி நகரம் சுற்றும் மையம். மெக்சிகோவின் சான் அந்திரேஸ் இலை கறுப்பு மேலிலைக்குப் பெயர்பெற்றது. பிரேசிலின் பாஹியா மாநிலத்து மாத்தா ஃபினா இலையில் இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு. கலவையில் சிறிதளவு சேர்த்தாலும் தெரியும்.

மேலிலை நாடுகள்

சில நாடுகள் சுருட்டால் அல்ல, மேலிலையால் பெயர்பெற்றவை. 1863இல் யாகோப் நீன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் சுமத்ராவின் டெலிப் பகுதியில் புகையிலை பயிரிடத் தொடங்கினார். மெல்லிய, பட்டுப்போன்ற அந்த இலை அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்ததும் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கு உழவர்கள் கலங்கினர். 1900ஆம் ஆண்டுவாக்கில் வயல்களுக்கு மேலே துணிப்பந்தல் இட்டு, வெயிலைத் தணித்து, சுமத்ரா விதையையே முளைக்கவிட்டனர். இன்று உலகம் முழுவதும் மென்சுருட்டின் அடையாளமாக இருக்கும் வெளிர்பொன் நிறக் கனெக்டிகட் மேலிலை அப்படிப் பிறந்தது. இப்போது அதே விதை ஈக்குவடோரில் விளைகிறது. அங்கே துணிப்பந்தல் வேண்டாம், ஆண்டு முழுதும் மேகமே பந்தல். கேமரூனின் மேலிலையும் சுமத்ரா விதையின் வழிவந்ததே. ஆகக் 'கனெக்டிகட் மேலிலை கொண்ட டொமினிக்கன் சுருட்டு' என்று பெட்டி சொல்வதன் பின்னால், இந்தோனேசிய வேரும் அமெரிக்கப் பெயரும் ஈக்குவடோர் வானமும் இருக்கக்கூடும்.

டெலித் தோட்டங்களில் வயல்வேலை பெரும்பாலும் சீனர்களுடையது, பின்னர் ஜாவாவினருடையது. சாலை, கால்வாய், மாட்டுவண்டி வேலைகளுக்குத் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அப்பகுதியின் மேடான் நகரில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் அவர்களுடையது.

ஆசியச் சுருட்டுகள்

பிலிப்பைன்ஸில் ஸ்பானிய அரசின் புகையிலைத் தனியுரிமை 1782இல் தொடங்கி ஒரு நூற்றாண்டு நீடித்தது. மணிலாப் பட்டறைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் சுற்றினர். 1881இல் தொடங்கிய தபகலேரா நிறுவனம் அத்தொழிலை ஏற்றது. ககயான் பள்ளத்தாக்கு இலையில் செய்த மணிலாச் சுருட்டு மென்மையானது, விலையும் மலிவு. 19ஆம் நூற்றாண்டின் ஆசியத் துறைமுகங்களில் ஹவானாவுக்கு இணையாக அதைத்தான் கேட்டார்கள்.

மியன்மாரின் சுருட்டு வேறு இனம். மேலே சுற்றுவது புகையிலை அன்று. நம் நறுவிலியின் உறவான ஒரு மரத்தின் இலை. உள்ளே நறுக்கிய புகையிலையும் தண்டுத் துணுக்கும். புளி, வெல்லம் போன்றவை சேர்ப்பதும் உண்டு. ஒரு முனையில் மக்காச்சோள மட்டையை உருட்டி வடிகட்டியாக வைப்பார்கள். இன்லே ஏரிக் கிராமங்களில் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சுற்றுவதைப் பயணிகள் பார்க்கலாம். ஹவானாவை அளக்கும் கோலால் இதை அளப்பது பாயசத்தையும் ரசத்தையும் ஒப்பிடுவது போன்றது.

திருச்சிராப்பள்ளிச் சுருட்டு 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துவரை விற்ற சரக்கு. உறையூரில் சுற்றினார்கள், திண்டுக்கல்லில் புகையிலை விளைந்தது, ஸ்பென்சர் நிறுவனத்தின் தொழிற்சாலையும் இருந்தது. ஆர்தர் கானன் டாயில் 1887இல் எழுதிய முதல் ஹோம்ஸ் நாவலிலேயே கொலை நடந்த அறையின் சாம்பலைப் பார்த்துத் துப்பறிவாளர் அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுகொள்கிறார். அடுத்த நாவலில் வரும் 'லுங்கா' என்பது கோதாவரிக் கழிமுகத்தின் லங்கைத் தீவுகளில் விளைந்த புகையிலையின் சுருட்டு. சர்ச்சில் திருச்சிச் சுருட்டை விரும்பினார் என்ற பேச்சு திருச்சியில் இன்றும் ஓயவில்லை. உறையூரில் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டறைகளே மிஞ்சியிருக்கின்றன. அச்சுருட்டின் குணம்: கடுமை, நேரடிப் புகையிலை நெடி, எடுத்த எடுப்பிலேயே முழுக் காரம். கியூபாச் சுருட்டைப்போல் மெல்ல மெல்ல முகம் மாறுவது இதனிடம் இல்லை.

யாழ்ப்பாணச் சுருட்டு ஏற்றுமதிப் புகழைத் தேடியதில்லை. அதன் சந்தை தென்னிலங்கை. கொக்குவில், கோண்டாவில் பக்கக் கொட்டில்களில் சுற்றியதைச் சிங்களப் பகுதிகளின் சிற்றூர்வரை யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக் கடைகள் விற்றன. உழைப்பாளியின் சுருட்டு அது; பாதி குடித்து அணைத்து, மீதியைச் செவியில் செருகிக்கொள்வதற்கு ஏற்ற அளவு.

சுவை எங்கே இருக்கிறது

சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் நிறுத்தி வெளியே விடுவார்கள். இதற்கு வேதியியல் காரணம் உண்டு. சிகரெட்டுப் புகையிலையைப் பெரும்பாலும் சூட்டில் உலர்த்துவதால் சர்க்கரை தங்கிவிடுகிறது. அதன் புகை புளிப்புத்தன்மை கொண்டது. காற்றில் உலர்ந்து நொதித்த சுருட்டு இலையில் சர்க்கரை மிகக் குறைவு. புகை காரத்தன்மை கொண்டது. காரத்தன்மையுள்ள புகையிலிருந்து நிக்கோட்டின் வாயின் சவ்வு வழியாகவே உடலுக்குள் போய்விடும். வெறும் வயிற்றில் பெரிய நிகராகுவாச் சுருட்டைப் பிடித்தவருக்கு வியர்த்துக் கொட்டித் தலை சுற்றுவது இதனால்தான். அவர் சுருட்டை வெறுப்பார், பழி வயிற்றினுடையது.

சுருட்டு வகுப்புகளில் நெடுங்காலம் ஒரு நாக்குப் படம் காட்டினார்கள்: நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு. 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் செய்த ஆய்வைப் பின்னாளில் தவறாக வரைந்ததால் வந்த படம் அது. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பகுதியிலும் தெரியும். மேலும், கோகோ, தோல், தேவதாரு என்று சுருட்டுக்காரர் அடுக்குபவை எவையும் நாக்கின் சுவைகள் அல்ல. வாயிலிருந்து மூக்கின் பின்வாசல் வழியாக ஏறும் மணங்கள். மிளகுக் காரம் சுவையும் அன்று, மணமும் அன்று. எரிச்சலை உணரும் நரம்பின் வேலை. கசப்பை உணரும் திறன் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒருவருக்குக் காப்பிக் கசப்பாகத் தோன்றும் அதே சுருட்டு மற்றவருக்கு வேப்பங்காயாகத் தோன்றினால் இருவரும் பொய் சொல்லவில்லை.

காரம் வேறு, கனம் வேறு என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். காரம் என்பது நிக்கோட்டின் தரும் அடி. கனம் என்பது புகை வாயை நிரப்பும் விதம். காரமே இல்லாமல் மணம் நிறைந்த சுருட்டு உண்டு. மணமில்லாமல் காரம் மட்டும் உள்ளதும் உண்டு. நிறமும் ஏமாற்றும். 'மதூரோ' என்ற கருமேலிலை சூட்டில் நீண்டநாள் நொதித்ததால் கறுத்தது. பார்க்க முரடாக இருந்தாலும் இனிப்புச் சாயலோடு இருப்பதே வழக்கம். புதியவர்கள் பயந்து வெளிர் நிறத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே லிகேரோவில் மாட்டிக்கொள்வதும் நடக்கும்.

வடிவமும் சுவையைத் திருப்பும். பருமனை அங்குலத்தின் 64இல் ஒரு பங்காக அளப்பர். 50 என்றால் குறுக்களவு முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். ஏறத்தாழ 5 அங்குல நீளமும் 50 பருமனும் உள்ள 'ரொபுஸ்தோ' இன்று மிகப் பரவலானது. ஏழரை அங்குலமும் 38 பருமனும் உள்ள ஒல்லியான 'லான்செரோ'வில் மேலிலையின் பங்கு கூடுதல். மேலிலையின் மணத்தைத் தேடுபவர்கள் அதைக் கேட்பார்கள். எந்தச் சுருட்டையும் நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்ற அளவில் பிடித்தால் போதும். அவசரமாக இழுத்தால் கங்கு சூடேறிக் கசப்பு வரும். கடைசி மூன்றில் ஒரு பங்கு எப்போதும் முதல் பங்கைவிடக் கடுமையாக இருக்கும், எரிந்த பகுதியின் பிசின் அங்கே வந்து சேர்வதால்.

1992இல் தொடங்கிய 'சிகார் அஃபிசியனாடோ' என்ற அமெரிக்க இதழ் சுருட்டுகளுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தைப் பரப்பியது. காகிதப் பட்டையை நீக்கிவிட்டுப் புகைத்து மதிப்பிடுவது அதன் முறை. வீட்டில் நண்பர்களும் இதைச் செய்து பார்க்கலாம்: பட்டையைக் கழற்றி எண் மட்டும் ஒட்டிய மூன்று நாட்டுச் சுருட்டுகளை வெவ்வேறு நாளில் பிடித்து, குறித்துவைத்துப் பிறகு பெயரைப் பார்ப்பது. கியூபா என்று எழுதியவர் கையில் ஹொண்டுராஸ் இருப்பது அரிதான காட்சி அன்று.

வைப்பு

சுருட்டுக்கு ஏற்றது 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் 18 முதல் 21 பாகை செல்சியஸ் வெப்பமும். இதற்காகத் தேவதாருப் பலகை வேய்ந்த பெட்டிகள் உண்டு. நம் ஊர்க் கோடையில் அஞ்ச வேண்டியது உலர்ச்சியை அன்று, புழுவை. மஞ்சளையும் மிளகாயையும் துளைக்கும் அதே சிறு பழுப்பு வண்டு சுருட்டிலும் முட்டையிடும். வெப்பம் 25 பாகையைத் தாண்டினால் முட்டை பொரியும். மேலிலையில் ஊசித்துளை விழும். சில நாள் உறைபெட்டியில் வைத்தால் முட்டை சாகும். டச்சு மரபின் நறுக்கிலைச் சுருட்டுகளும் திருச்சிச் சுருட்டும் உலர்ந்த நிலையிலேயே புகைக்கத்தக்கவை; அவற்றுக்கு இந்தப் பாடு இல்லை.

உடல்நலமும் சட்டமும்

ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவுக்குப் புகையிலை இருக்கலாம். புகையை உள்ளிழுக்காதவருக்கும் வாய், குரல்வளை, உணவுக்குழல் புற்றுநோய்களின் ஆபத்து உண்டு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் வெளியிட்ட சுருட்டு பற்றிய தொகுப்பு இதை விரிவாகச் சொன்னது. வட ஆந்திரக் கடலோரத்தில் கங்கு முனையை வாய்க்குள் வைத்துச் சுட்டா என்ற நாட்டுச் சுருட்டைப் பிடிக்கும் பழக்கம் உள்ள பெண்களிடம் மேலண்ணப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுகிறது. கையால் சுற்றியது, சேர்மானம் இல்லாதது என்பதால் இவற்றில் எதுவும் குறைவதில்லை. இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம் சுருட்டுக்கும் பொருந்தும். 18 வயது நிரம்பாதவருக்கு அதை விற்பது குற்றம்.